பெருக்கல் குறி எங்கே போனது?

செங்கல்பட்டில் எங்கள் தெருவில் தங்கிப் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், சி மொழியில் எழுதிய சின்ன கால்குலேட்டருடன் என்னிடம் வந்தார். மாமல்லபுரம் பக்கம் கடலுக்குப் போகும் அப்பாவின் படகுக்கு டீசல் கணக்குப் போட வேண்டுமாம். லினக்ஸில் கூட்டல், கழித்தல் ஒழுங்காக வந்தன. பெருக்கல் மட்டும் ‘உள்ளீடு தவறு’ என்று அடம் பிடித்தது.

‘கால்க் 12 + 5’ என்று டைப் செய்து என்டர் தட்டினால், மெயின் ஃபங்ஷனுக்கு இரண்டு விஷயங்கள் வந்து சேரும். ஆர்க்வி என்பது நாம் கொடுத்த சொற்களின் வரிசை. ஆர்க்சி அவற்றின் எண்ணிக்கை. புரோகிராமின் பெயரும் கணக்கில் சேரும் என்பதால் ஆர்க்சி 4. இடைவெளி விடாமல் ‘12+5’ என்று கொடுத்தால் அது 2 ஆகிவிடும். ஆகவே, ஆர்க்சி 4 தானா என்று முதலில் பார்ப்பது நல்ல பழக்கம். மாணவரும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

பிறகு ஏன் தகராறு? நாம் அடிக்கும் வரியை முதலில் படிப்பது ஷெல். தனியாக நிற்கும் நட்சத்திரக் குறிக்கு அதன் அகராதியில் ‘இந்த ஃபோல்டரில் உள்ள ஃபைல்கள் எல்லாம்’ என்று பொருள். பத்து ஃபைல்கள் இருந்தால் குறிக்குப் பதில் பத்துப் பெயர்கள் நுழையும். ஆர்க்சி 13! ஆர்க்வியில் உள்ளதை எல்லாம் பிரின்ட் செய்து காட்டியதும் மாணவர் சிரித்துவிட்டார்.

குறியை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். அல்லது முன்னால் பேக்ஸ்லாஷ் போடுங்கள். யூனிக்ஸின் பழைய எக்ஸ்பிஆர் கட்டளைக்கும் இதே வைத்தியம்தான். எனக்குப் பிடித்த வழி, பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி புரோகிராமை எழுதிவிடுவது. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் இப்படி விரிப்பதில்லை. ஆனால் மின்ஜிடபிள்யூவில் கம்பைல் செய்த புரோகிராம் தானே விரித்துவிடக் கூடும், உஷார்.

பெருக்கல் வந்தது. ஆனால் 12.5 லிட்டரை 90 ரூபாயால் பெருக்கினால் 1080 என்றது. 1125 அல்லவா வர வேண்டும்? இது முந்தையதைவிட மோசம், பிழைச் செய்தியே இல்லை. காரணம் ஏடூஐ ஃபங்ஷன். அது புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். ‘பத்து’ என்று எழுத்தில் கொடுத்தாலும் சத்தமில்லாமல் பூஜ்யம் தரும். ஏடூஎஃப் தசமத்தைப் படிக்கும், ஆனால் எழுத்துக்கு அதுவும் பூஜ்யம்தான். எஸ்டிஆர்டூடி ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். எந்த எழுத்தில் நின்றது என்பதை ஒரு பாயின்டரில் சொல்லிவிடும். அது சொல்லின் தொடக்கத்திலேயே இருந்தால் எண்ணே இல்லை. சொல்லின் முடிவை எட்டாமல் நின்றால் பின்னால் ஏதோ குப்பை இருக்கிறது. இரண்டிலும் பிழைச் செய்தி கொடுத்து வெளியேறுங்கள். அப்படியே வகுத்தலில் பூஜ்யம் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.