நீண்ட வழி, குறைந்த நேரம்

எட்டாம் வகுப்பில் காலம், தொலைவு கணக்கு நடத்தியபோது, "தொலைவு கூடினால் பயண நேரமும் கூடும்" என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்தாள். "அதிகத் தூரம் போன விமானம் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததாகப் படித்தேன், டீச்சர்." அச்சுப்பிழையாக இருக்கும் என்று உட்காரச் சொல்லிவிட்டேன். பிழை என்னுடையது.

அவள் சொன்னது டெல்லி - சான் பிரான்சிஸ்கோ பயணம். ஏர் இந்தியா முதலில் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் கடல் வழியே பறந்தது. தொலைவு சுமார் 13,900 கி.மீ.; நேரம் ஏறத்தாழ பதினாறரை மணி. 2016 அக்டோபரில் அதே விமானம் கிழக்கு நோக்கி, பசிபிக் வழியே சென்றது. தொலைவு சுமார் 15,300 கி.மீ.; நேரம் பதினான்கரை மணி. மாணவர்களையே வகுக்கச் சொல்லுங்கள். முதல் வழியில் மணிக்கு ஏறத்தாழ 840 கி.மீ., இரண்டாவதில் 1,055 கி.மீ. வரும்.

விமானத்தின் எந்திரம் மாறவில்லை, காற்றுதான் மாறியது. நடு அட்சப் பகுதிகளில், சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வேகமான ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. கிழக்கே பறந்தால் அது பின்னாலிருந்து தள்ளும். மேற்கே பறந்தால் எதிர்த்து நிற்கும். ஆற்றில் படகு கணக்கு போட்ட பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். திரும்பும்போது அட்லாண்டிக் வழியே கிழக்கு நோக்கி வந்தால் அப்போதும் பின்காற்றுதான். போய்வருவதற்குள் உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்!

அப்படியானால் உண்மையான மிகக் குறைந்த தொலைவு எது? சுவர்ப்படத்தில் அளவுகோல் வைத்தால் ஏமாறுவோம். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. ஏறத்தாழ 425 கி.மீ. இரு நகரங்களுக்கு இடையே நூல் 29 செ.மீ. வரும், அதாவது சுமார் 12,400 கி.மீ. நூல் திபெத், சைபீரியா வழியே ஆர்க்டிக் பகுதியைத் தொட்டு இறங்குவதைப் பார்த்து என் வகுப்பே கூச்சலிட்டது. ஆனால் விமானங்கள் இந்த நூல்வழியே அப்படியே போவதில்லை. அறைக்குள் காற்றழுத்தம் குறைந்தால் விமானம் சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். திபெத் பீடபூமியின் தரையே அதைவிட உயரம்.

இன்னொரு சிக்கல் கடிகாரம். அக்டோபரில் டெல்லியைவிட சான் பிரான்சிஸ்கோ பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். டெல்லியில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டுப் பதினான்கரை மணி நேரம் பறந்தால், அங்கே அதே தேதியில் காலை 6 மணி. வழியில் பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடப்பதால் ஒரு நாள் திரும்பக் கிடைக்கிறது. பாதி வகுப்பு "பயண நேரம் 2 மணி" என்று எழுதியது. மறுநாள் அந்த மாணவியையே கரும்பலகைக்கு அழைத்தேன். முதலில் நான் எழுதிய வரியில் "வேகம் மாறாதிருந்தால்" என்று சேர்த்தாள், பிறகு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாள்.