தேதியைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள்

மாத்திரை அட்டையில் 08/2026 என்று இருந்தால் ஆகஸ்ட் கடைசி நாள் வரை சாப்பிடலாம். அதுவரை வீரியம் குறையாது என்று கம்பெனி பொறுப்பேற்கிறது. மறுநாளே அது விஷமாகிவிடுவதில்லை. அமெரிக்க ராணுவம் தன் இருப்பு மருந்துகளை 1986 முதல் சோதித்து வருகிறது. 2006-ல் வெளியான ஆய்வில், 122 மருந்துகளின் 3005 தொகுதிகளில் 88 சதவீதம் தேதிக்குப் பிறகு ஓராண்டாவது தாக்குப்பிடித்தன.

இதை நம்பி வீட்டிலிருக்கும் பழைய மாத்திரையை எடுத்துவிடாதீர்கள். ராணுவ மருந்துகள் பிரிக்காத பெட்டியில், வெப்பம் கட்டுப்படுத்திய கிடங்கில் இருந்தவை.

நம்ம ஊர் வெயிலில்

‘30 டிகிரிக்குள், ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்’ என்று அட்டையிலேயே இருக்கும். சித்திரை வெயிலில் சாத்தூர், சிவகாசி பக்கத்துத் தகரக் கூரை வீட்டில் அந்த இடம் எது? ஜன்னல் திட்டும் டிவி மேல்தட்டும் நிச்சயமாக இல்லை. அனலில் கிடந்த மருந்துக்கு அச்சிட்ட தேதி உத்தரவாதம் இல்லை. ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், ஈரம் பட்டு அது சிதைந்துவிட்டது. தேதி பாக்கி இருந்தாலும் வேண்டாம்.

இன்னொரு சிக்கல், கத்தரித்துத் தரும் மாத்திரை. நாலு மாத்திரை கேட்டால் தேதி அச்சான நுனி கடையிலேயே தங்கிவிடும். கவரில் தேதியை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

தீக்காயக் களிம்பு

பட்டாசு வேலைக்குப் போகிற வீடுகளில் வெள்ளைக் களிம்பு டப்பா ஒன்று கிடக்கும். பெரும்பாலும் சில்வர் சல்ஃபாடையசின். வெளிச்சமும் சூடும் பட்டால் கறுக்கும். நிறம் மாறியதைப் பூசக் கூடாது. ஆளாளுக்கு விரல்விட்டு எடுத்த டப்பாவில் கிருமி சேர்ந்திருக்கும், அதைத் தோல் உரிந்த புண்ணில் தடவுவது ஆபத்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

தீப்பட்டதும் முதல் மருந்து குழாய்த் தண்ணீர்தான், 20 நிமிடம். இங்க், மாவு, பற்பசை எதுவும் வேண்டாம். முகம், கை, மூட்டு வெந்தாலோ காயம் உள்ளங்கையைவிடப் பெரிதானாலோ களிம்பைத் தேடாமல் உடனே கிளம்புங்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது.

ஒருநாள்கூடப் பொறுக்காதவை

தலைவலி மாத்திரை வேலை செய்யாவிட்டால் வலி நீளும், அவ்வளவுதான். இன்சுலினும், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் வேலை செய்யாவிட்டால் உயிர் போகும். வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். கண் சொட்டு மருந்தைத் திறந்தால் பொதுவாக ஒரு மாதம். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப்புக்கு ஏழு முதல் பதினான்கு நாள். எத்தனை என்று பாட்டிலில் பார்க்கவும். கெட்டுப்போன டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கால் சிறுநீரகம் பாதித்த நோயாளிகளைப் பற்றி 1963-லேயே மருத்துவர்கள் எழுதினார்கள்.

எங்கே போடுவது?

காலாவதியான மருந்தைக் குப்பையில் எறிந்தால் குழந்தை கையில் சிக்கும், கண்மாய்க்கும் போய்ச் சேரும். கேரளத்தில் 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, பழைய மருந்துகளை அரசே திரும்பப் பெறுகிறது. விருதுநகர் மாவட்டத்திலும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் அதற்கொரு பெட்டி வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.