உரிமம் கேட்ட கணினியும் உருமாறிய எழுத்துகளும்

"ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியை இம்முறை நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள்" என்று தமிழம்மா சொன்னபோது நாங்கள் துள்ளிக் குதித்தோம். பள்ளிக்குப் புதிய கணினி வந்திருந்தது. ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்று எண்ணினோம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்களுக்கோ மூன்று பக்கமிருந்தும் இடி விழுந்தது! அம்மூன்றையும், அவற்றால் நாங்கள் கற்றதையும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதல் இடி: உரிமம்

கணினியோடு ஆவணம் எழுதும் மென்பொருள் ஒன்றும் வந்திருந்தது. பதினைந்து கட்டுரைகளைத் தட்டச்சு செய்து முடித்தோம். ஒரு திங்கட்கிழமை காலை திறந்தால், சோதனைக் காலம் முடிந்தது, உரிமம் வாங்குக என்று அறிவிப்பு நின்றது. கட்டுரைகளைப் படிக்க முடிந்தது. ஓர் ஒற்றெழுத்தைக்கூடத் திருத்த முடியவில்லை. நாங்கள் எழுதியதை நாங்களே தொட முடியாத நிலை!

திண்டிவனத்தில் விசாரித்தோம். பிறகு ஆசிரியையுடன் பேருந்தேறி, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் சென்று ஒரு கணினிக் கடையில் கேட்டோம். கடைக்காரர் சிரித்தார். "எதுக்கும்மா அவ்வளவு பணம் கட்டணும்? முந்நூறு ரூபா குடுங்க, பூட்டு ஒடைச்ச காப்பி போட்டுத் தரேன். ஊர்ல எல்லாரும் அதைத்தான் வெச்சிருக்காங்க" என்றார். எங்களுள் சிலருக்கு ஆசை வந்தது உண்மை. திரும்பி வந்து தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "பூட்டு உடைத்தது என்று அவரே சொல்லிவிட்டாரே, பிறகு என்னிடம் என்ன கேட்கிறீர்கள்?" என்றார். நாங்கள் தலை குனிந்தோம்.

அதன் பிறகுதான் உரிமம் என்றால் என்ன என்று தேடிப் படித்தோம். மென்பொருளுக்குப் பணம் கொடுக்கும்போது நாம் அதை வாங்குவதில்லை. பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே வாங்குகிறோம். மாதச் சந்தா உரிமம் வாடகை வீடு போன்றது. பணம் நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரே முறை பணம் கட்டும் உரிமத்தில் விரும்பும் காலம் வரை குடியிருக்கலாம். ஆனால் அதைப் படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது. நமது நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. கணினி நிரலும் கதை, கவிதை போன்ற ஓர் இலக்கியப் படைப்பே என்று அது கருதுகிறது. திருட்டுப்படி என்று அறிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக நோக்கமில்லையெனில் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்குள் அபராதம் விதிக்கலாம்.

ஊர்ப் பொதுக்கிணறு

வழி, எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா அத்திட்டத்தில் பெற்ற மடிக்கணினி பரணில் கிடந்தது. அதில் விண்டோசுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் இயக்குதளமும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தால், உள்ளே ஆவணம் எழுதும் மென்பொருள்! உரிமக் கட்டணம் இல்லை. சோதனைக் காலமும் இல்லை.

இவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் இது. பயன்படுத்தவும், ஆராயவும், பிறருக்குக் கொடுக்கவும், திருத்தவும் இதில் உரிமை உண்டு. ஊர்ப் பொதுக்கிணற்றில் எவரும் நீர் இறைக்கலாம். தூர் வாரி ஆழப்படுத்தவும் செய்யலாம் அன்றோ? அது போன்றதே இது. இதற்கும் உரிமம் உண்டு. ஆனால் அது தடுப்பதற்காக எழுதப்பட்டதன்று, கொடுப்பதற்காக எழுதப்பட்டது. ஜெர்மனியில் பிறந்த 'ஸ்டார் ஆபீஸ்' என்ற மென்பொருள் 2000-ஆம் ஆண்டில் 'ஓபன் ஆபீஸ்' எனப் பொதுவுடைமை ஆயிற்று. அதிலிருந்து 2010-இல் கிளைத்ததே 'லிப்ரே ஆபீஸ்'. அதைப் பள்ளிக் கணினியில் நிறுவ முனைந்தோம். 300 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பு. பாதி இறங்கும்போது இருமுறை மின்சாரம் போயிற்று. மூன்றாம் முறை வெற்றி. பூட்டிக் கிடந்த எங்கள் கட்டுரைகள் திறந்தன!

இரண்டாம் இடி: எழுத்துரு

எங்கள் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற முதிய சிஸ்டர் ஒருவர், பள்ளியின் தொடக்க நாள்களைப் பற்றி முன்பு ஒரு வரலாறு எழுதியிருந்தார். கையெழுத்துப் படியைக் கரையான் தின்றுவிட்டது. அலுவலக எழுத்தர் அந்நாளில் தட்டச்சு செய்த குறுந்தகடு ஒன்றே மிச்சம். சிஸ்டருக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. மீண்டும் எழுத இயலாது. குறுந்தகட்டை ஆவலோடு திறந்தோம். ஒரு தமிழ் எழுத்தும் இல்லை! ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன.

காரணம் இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரியும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி முறை வகுத்ததால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு தேவைப்பட்டது.

இக்குழப்பத்துக்கு மருந்து ஒருங்குறி. 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் 'அ' என்றால் 2949. 'ம' என்றால் 2990. விழுப்புரமாயினும் வாஷிங்டனாயினும் அதே எண்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில். 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது.

பழைய எழுத்துருவை ஒருங்குறியாக்கும் மாற்றி மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஐந்தாம் முறை, 'அன்று இவ்விடத்தில்' என்ற சொற்கள் திரையில் எழுந்தன. எங்களுள் ஒருத்தி அழுதேவிட்டாள்.

மூன்றாம் இடி: அச்சகம்

அச்சகத்தாரின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு ஒருங்குறி தெரியவில்லை. 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயின. பக்கங்களை நாங்களே அமைத்து, பி.டி.எப். கோப்பாக்கிக் கொடுத்தோம். அதில் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே தங்கிவிடுவதால் எங்கும் உருமாறாது. அச்சு நேர்த்தியாக வந்தது.

நாங்கள் கற்றவை

1. மென்பொருளை நிறுவும் முன் உரிமம் எத்தனை நாளுக்கு என்று பாருங்கள்.
2. தமிழை ஒருங்குறியில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள்.
3. ஆவணங்களை ஓ.டி.எப். போன்ற பொதுத்தர வடிவிலும் ஒரு படி சேமியுங்கள். 2006 முதல் அது பன்னாட்டுத் தரம்.
4. இலவசம் வேறு, திருட்டு வேறு என்பதை மறவாதீர்கள்.

மீட்ட வரலாற்றை அந்த முதிய சிஸ்டரின் அறைக்குச் சென்று படித்துக் காட்டினோம். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் இடையில் கையுயர்த்தி, "வேப்பமரம் இரண்டு இல்லை, மூன்று. திருத்திவிடுங்கள்" என்றார். உடனே திருத்தினோம். இம்முறை எந்த உரிமமும் எங்களைத் தடுக்கவில்லை. அவ்வரலாறு இம்மலரிலேயே வெளிவருகிறது, படித்து மகிழுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி