மீள்குடியேறிய ஊர்களில் கமக்காரர் அமைப்பு: கவனிக்க வேண்டியவை

2009இல் போர் முடிந்து கிளிநொச்சி விவசாயிகள் ஊர் திரும்பியபோது வாய்க்கால்கள் தூர்ந்து, வயல்கள் பற்றைக்காடாகிக் கிடந்தன. இரணைமடுக் குளத்து நீரைத் தனியொருவர் வயலுக்குக் கொண்டுவர முடியாது. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுவோர் சேர்ந்தே துப்புரவு செய்ய வேண்டும். கமக்காரர் அமைப்பு இந்தத் தேவையில்தான் வளர்கிறது.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமைப்பைப் பதிவு செய்யலாம். விபரங்களைக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் போகத்துக்கு முந்திய கூட்டத்திலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். கணவரை இழந்து கமம் செய்யும் பெண்களையும் உறுப்பினராகச் சேருங்கள். இல்லையேல் அவர்கள் பங்கு கேட்க இடமிருக்காது. வரவு செலவைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். நிவாரணம் நின்ற பிறகும் அமைப்பு கலையாமல் இருக்க இது உதவும்.