நாற்பது நாள் நோன்பு

மாசி மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரிச் சுற்றுப்புறத்துக்கு ஒரு தனி முகம் வந்துவிடுகிறது. மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற காலம் அது. சாலையோரத்துப் புளிய மரங்களில் ஆட்கள் ஏறிக் கிளைகளை உலுக்குவார்கள். கீழே பெண்கள் பழம் பொறுக்குவார்கள். கிணறுகளில் தண்ணீர் நாளுக்கு நாள் கீழே இறங்கும். இந்தச் சமயத்தில்தான் இவ்வட்டாரத்து லுத்தரன் கிறிஸ்தவர்கள், தங்கள் வருஷத்திலேயே மிகவும் அடக்கமான ஒரு பருவத்தினுள் பிரவேசிக்கிறார்கள். அதற்கு ‘லெந்து காலம்’ என்று பெயர். ‘தபசு காலம்’ என்று சொல்பவர்களும் உண்டு.

கிறிஸ்மஸ் பண்டிகையை அறியாதவர் நம்மில் இல்லை. அண்டை வீட்டுக் கிறிஸ்தவர் கொடுத்தனுப்பும் பலகாரத்தை ருசி பார்க்காதவரும் அநேகமாக இல்லை. ஆனால் பலகாரம் வராத இந்த நாற்பது நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது சொற்பம். மலைக்கு மாலை போட்டுக்கொண்டு விரதம் காப்பவர்களையும், ரமலான் மாதத்து நோன்பையும் அருகிலிருந்து பார்த்துப் பழகிய நாட்டில், நமது அயலாரின் இந்த நோன்பையும் அறிந்து கொள்வது உசிதம்தானே?

நாற்பதா, நாற்பத்தாறா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உபாத்தியாயருக்கு அதுதான் சௌகரியம். மார்ச் 21-ந் தேதியன்றோ அதற்குப் பிறகோ சபைக் கணக்கில் வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர் பண்டிகை. ஆகையால் அது வருஷந்தோறும் இடம் மாறுகிறது. அதற்கு நாற்பத்தாறு நாள் முன்னால் வருவது சாம்பல் புதன். நோன்பு அன்றே தொடங்குகிறது. நாற்பத்தாறிலிருந்து ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் மீதி நாற்பது. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாளாகையால் அதை நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. இயேசுநாதர் வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருந்ததை நினைவுறுத்துவது இந்த எண்.

தரங்கம்பாடியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு

லுத்தரன் சபையார் யார்? பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழி வந்தவர்கள். தமிழ்நாட்டுக்கு அவர்கள் புதியவர்களல்லர். 1706 ஜூலை மாதத்தில் சீகன்பால்க் என்னும் ஜெர்மானிய இளைஞர் தரங்கம்பாடியில் கரை இறங்கினார். மணலில் எழுத்துப் பழகும் சிறுவர்களோடு தாமும் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் அங்கேயே அச்சாகி முடிந்தது. 1718-ல் அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

கிருஷ்ணகிரியின் கதை இதற்கு வெகு காலம் பிற்பட்டது. தரங்கம்பாடி வேலையை ஏற்று நடத்திய லைப்சிக் மிஷனில் 1890-களில் ஒரு கருத்து வேற்றுமை உண்டாயிற்று. வேதாகமம் முழுவதும் பிழையற்ற தெய்வ வாக்குத்தானா என்பதே கேள்வி. ஆம் என்று பிடிவாதமாக நின்ற தியோடோர் நேத்தர், பிரான்ஸ் மோன் என்ற இருவர் அந்த மிஷனை விட்டு விலகினார்கள். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையார் 1894-ல் அவர்களை ஏற்று, மறுபடியும் தமிழ்நாட்டுக்கே அனுப்பினார்கள். 1895-ல் நேத்தர் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கினார். மோன் ஆம்பூரில் தொடங்கினார். கொள்ளை நோய் பரவிய 1904-ஆம் வருஷத்தில் நேத்தர் அந்நோய்க்கே இரையானார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் நட்ட செடி பட்டுப்போகவில்லை. இந்த மிஷனின் சபைகள் 1958-ல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் சுயாதீனம் பெற்றன. தரங்கம்பாடி வழி வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையோ 1919-லேயே அமைந்துவிட்டது.

ஒரு விளக்கம். கிருஷ்ணகிரி அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் போயிற்று. 2004-ல் தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் மாறினாலும், மானாவாரிக் காடும், கேழ்வரகுக் களியும், பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிற ஜனங்களும் இரு மாவட்டங்களுக்கும் பொதுவே.

பாடுகளின் சரித்திரம்

லெந்து காலத்தில் ஆலயத்தின் பலிபீடத்தில் ஊதா நிறத் துணி விரிக்கப்படும். ‘அல்லேலூயா’ என்ற ஆனந்த கோஷம் ஈஸ்டர் வரையில் ஓய்ந்திருக்கும். வாரத்தின் நடுவில் ஒரு மாலை, வேலைக்குப் போனவர்கள் திரும்பியபின், ஜனங்கள் கூடுவார்கள். இயேசுவின் பாடுகளின் சரித்திரம் அங்கே பகுதி பகுதியாக வாசிக்கப்படும். கெத்செமனே தோட்டம் ஒரு வாரம், பிரதான ஆசாரியனின் அரண்மனை ஒரு வாரம், பிலாத்துவின் நியாயஸ்தலம் ஒரு வாரம் என்று அது நகரும். நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாக இணைத்து இந்தச் சரித்திரத்தைத் தொகுத்தவர் லுத்தரின் நண்பர் பூகன்ஹாகன். அதிலிருந்து லுத்தரன் சபைகளில் பரவிய பழைய வழக்கம் இது.

இந்தப் பாடுகளின் சரித்திரத்தை ஜெர்மனியில் பாக் என்ற மகா வித்துவான் சங்கீதமாக்கினார். மத்தேயுவின்படியான அவருடைய பெரிய உருப்படி 1727-ல் ஒரு பெரிய வெள்ளிக்கிழமையன்று லைப்சிக் நகரத்து ஆலயத்தில் ஒலித்ததாகச் சொல்வார்கள். அதே லைப்சிக்கிலிருந்துதான் பிற்காலத்தில் நம் நாட்டுக்குப் போதகர்கள் வந்தார்கள். ஆனால் தமிழர்கள் அவர்களுடைய சங்கீதத்தை மாத்திரம் பாடிக்கொண்டு நின்றுவிடவில்லை. பப்ரீஷியுஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் ஆக்கிக் கொடுத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ (1774–1864) நமது ராகத்திலும் தாளத்திலுமே கீர்த்தனங்களைப் பாடி வைத்தார். சரபோஜி மன்னருடன் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்றவர் அவர். கதாகாலட்சேப முறையில் சுவிசேஷக் கதையைச் சொல்லும் மரபும் அவர் வழியில் வளர்ந்தது. ஞானப்பாட்டும் கீர்த்தனமும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து ஒலிக்கும்பொழுது, அந்நிய மதம் என்று யாரேனும் சொன்னால் அவருக்குக் காது கேட்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

உபவாசம் எதற்கு?

லுத்தரன் சபையில் உபவாசம் கட்டாயமில்லை. இதைக் கேட்டு, ‘விரதமே இல்லாமல் என்ன தபசு காலம்?’ என்று நம் வீட்டுப் பாட்டிமார் வியக்கக்கூடும். லுத்தர் உபவாசத்தை வெறுத்தவரல்லர். உபவாசமும் உடலை அடக்குதலும் நல்ல வெளிப் பயிற்சி என்று தமது சிறிய ஞானோபதேசத்திலேயே எழுதினார். ஆனால் அதைப் புண்ணியக் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. 1517-ல் அவர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து வாசகங்களில் முதலாவதின் கருத்தே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். அப்படியானால் இந்த நாற்பது நாள் எதற்கு? வருஷம் முழுவதும் செய்ய வேண்டியதைப் பழகிக் கொள்வதற்கு. பரீட்சை வேறு, பாடம் வேறு அல்லவா? லெந்து காலம் பாடம்.

லுத்தரின் வாழ்க்கையில் ஒரு லெந்து காலம் மிகவும் பிரசித்தம். அவர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த சமயம், விட்டன்பர்க் நகரத்தில் சீர்திருத்தம் தலைதெறிக்க ஓடியது. ஆராதனை முறைகள் ஒரே நாளில் மாற்றப்பட்டன, விக்கிரகங்கள் அகற்றப்பட்டன, பழைய வழக்கத்தை விட மனமில்லாத எளியவர்கள் திகைத்து நின்றார்கள். லுத்தர் கோட்டையை விட்டுத் திரும்பி வந்து, 1522 மார்ச் 9-ந் தேதி, லெந்து காலத்தின் முதல் ஞாயிறன்று, பிரசங்க பீடம் ஏறினார். தொடர்ந்து எட்டு நாள் பிரசங்கித்தார். செய்த மாற்றங்கள் தவறு என்று அவர் கூறவில்லை. அன்பில்லாமல் பலவந்தத்தால் செய்தது தவறு என்றார். பிறர் உள்ளத்தை வசனத்தால் வெல்ல வேண்டுமேயன்றி, முரட்டுக் கையால் அல்ல என்பது அந்தப் பிரசங்கங்களின் சாரம். நகரம் அடங்கியது.

சட்டத்தால் எவ்வளவு சாதிக்கலாம், உள்ளத்தால் எவ்வளவு சாதிக்க வேண்டும் என்ற கேள்வி நமது ஜில்லாவுக்கும் பழக்கமானதே. ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை முதன்முதலாக அமுல் செய்தது அன்றைய சேலம் ஜில்லாவில்தான். அந்தச் சட்டம் 1971-ல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை மதுக் கடைகளை அரசாங்க நிறுவனமே நடத்தி வருகிறது. லெந்து காலத்தில் நாற்பது நாள் குடியை விடுகிறவர் ஈஸ்டருக்கு மறுநாள் எங்கே போகிறார் என்பதே அவருடைய நோன்பின் மதிப்பைச் சொல்லும். சட்டம் கடையை மூடலாம். மனைவியின் கையில் கூலியைக் கொண்டுவந்து கொடுக்கச் செய்வது உள்ளம்தான்.

யார் பக்கத்தில் யார்?

இனி, சற்றுக் கசப்பான விஷயத்துக்கு வருவோம். தரங்கம்பாடி நாளிலிருந்தே தமிழ்ச் சபைகளில் ஜாதி வாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் புகுந்துவிட்டது. தஞ்சை முதலிய இடங்களின் சபைகளில் அதை முற்றிலும் ஒழிக்க வேண்டுமென்று 1833-ல் கல்கத்தா பிஷப் வில்ஸன் உத்தரவிட்டார். எதிர்த்தவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர் என்பதை மறைப்பதில் பயனில்லை. அப்பேர்ப்பட்ட பக்தருக்கும் அந்த ஓரிடத்தில் கண் மறைத்துவிட்டது. மனம் வருந்திப் பிரிந்தவர்கள் பலர் லைப்சிக் லுத்தரன் சபைக்குப் போனார்கள். காரணம், அங்கே பொறுமை அதிகம்.

விட்டன்பர்க் பிரசங்கத்தை இங்கே எடுத்துக்காட்டி, ‘பொறுமைதானே லுத்தரின் உபதேசம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அது பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். லுத்தர் பொறுமை கோரியது, திகைத்து நின்ற எளியவர்களுக்காக. இங்கே பொறுமையின் பலன் போய்ச் சேர்ந்தது உயர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. காத்திரு என்று சொல்லப்பட்டவனோ கடைசி வரிசையில் நின்றவன்.

கிருஷ்ணகிரி, ஆம்பூர்ச் சபைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அவர்களுக்கு இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காயல்ல. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி, கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்குப் பட்டியல் ஜாதியாரின் உரிமைகள் இல்லை. சட்டத்தில் ஜாதி போயிற்று, தெருவில் போகவில்லை. 2012 நவம்பர் 7-ந் தேதி தருமபுரியை அடுத்த நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு கலப்பு மணம் அதற்கு நிமித்தம். அது சபை விவகாரமல்ல. ஆனால் அப்படிப்பட்ட நெருப்பு எரியக்கூடிய மண்ணில், ஒரே அப்பத்திலும் ஒரே பாத்திரத்திலும் பங்கு கொள்ள எல்லோரையும் அழைக்கும் பந்தி ஒன்று இருக்கிறதென்றால், அது சாமான்யமான காரியமா?

பெரிய வியாழனன்று அந்தப் பந்தி நடைபெறுகிறது. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவி, கடைசி இராப்போஜனம் உண்ட இரவின் நினைவு அது. நற்கருணை பெற விரும்புகிறவர் முன்கூட்டியே குருவானவரிடம் பெயர் கொடுப்பது பழைய லுத்தரன் வழக்கம். பெயரைக் குறிப்பது மட்டுமல்ல. அயலானோடு மனஸ்தாபம் இருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டு வரும்படி புத்தி சொல்லவும் அது சந்தர்ப்பம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது கிறிஸ்துவின் மலைப்பிரசங்கக் கட்டளை. பெரிய வெள்ளியின் மௌனமும், ஈஸ்டர் விடியற்காலையின் பாட்டும் அந்த ஒப்புரவுக்குப் பின்புதான் அர்த்தம் பெறுகின்றன.

இதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது: தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளின் தேர்தல் சச்சரவுகளும் சொத்து வழக்குகளும் நீதிமன்றப் படிகளில் பல முறை ஏறி இறங்கியிருக்கின்றன. பிற மதத்தவராகிய நாம் இதைக் கண்டு சிரிப்பதற்கில்லை. நமது கோயில் தர்மகர்த்தாக்களின் வழக்குகளும் அதே படிகளில்தான் காத்திருக்கின்றன. ஆனால் பந்திக்கு முன் ஒப்புரவு என்ற விதியை எழுதி வைத்திருப்பவர்களுக்கு, எழுதி வைக்காதவர்களைவிடப் பொறுப்பு அதிகம்.

மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கற்பித்த ஜபத்தில், பாவம் என்று சொல்லக்கூடிய இடத்தில் தமிழ் வேதாகமம் ‘கடன்’ என்ற சொல்லை வைத்திருக்கிறது. கடன் என்றால் என்னவென்று தருமபுரிச் சீமைக் குடியானவனுக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மழை தவறிய வருஷத்தில் வட்டி தவறாமல் வருவதை அவன் அறிவான். அந்தச் சொல்லைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறவன், தனக்குக் கடன்பட்டவனை என்ன செய்தான் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கொடுத்த பணத்துக்கு மட்டுமல்ல. கொடுக்க மறுத்த மரியாதைக்கும் அதே கணக்குத்தான்.

ஆகவே ஒரு சபை நாற்பது நாளில் புதுப்பிக்கப்பட்டதா என்று அறிய, கூட்டங்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. சென்ற வருஷம் பேசாதிருந்த இரண்டு குடும்பங்கள் இந்த வருஷம் அந்தப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காற்படியிட்டனவா என்று பார்த்தால் போதும். அப்படி நடந்திருந்தால் தட்டில் எதை விலக்கினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நடக்கவில்லையென்றால், புளியும் மாவும் மறுபடி பூக்கும். இன்னுமொரு மாசி வரும். பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்கலாம். நல்ல பாடத்துக்கு அந்தத் தயவு உண்டு.