கால் தூக்கிய எடைக்குக் கை வளராது

பெங்களூர் ஒக்கலிபுரத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜிம்முக்குப் போகும் என் மகனுக்குத் திங்கள் மார்பு, செவ்வாய் கை என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலுக்கு நாளே இல்லை. கூடவே ஒரு டப்பா புரோட்டீன் பவுடர். உடம்பு சீராக வளருமா?”

வளராது. ஒவ்வொரு தசையும் தான் சுமந்த பாரத்துக்கு மட்டுமே வளர்கிறது. ஒருவரை ஒற்றைக் காலுக்கு மட்டும் சில வாரம் பயிற்சி செய்யவிட்டால், அந்தத் தொடை பருக்கும். மற்றது அப்படியே இருக்கும். அதன் பலம் கொஞ்சம் கூடலாம், ஆனால் அது நரம்பின் வேலை. இரண்டுக்கும் போவது ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே ஹார்மோன். ‘ஸ்குவாட் போட்டால் ஹார்மோன் பொங்கிக் கையும் பருக்கும்’ என்ற ஜிம் நம்பிக்கையையும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கைக்குத் தனிப் பயிற்சி; மறு கைக்கு அதே பயிற்சியுடன் கடுமையான கால் பயிற்சி. ஹார்மோன் பொங்கியது உண்மை. ஆனால் 15 வாரம் கழித்து இரு கைகளும் ஒரே அளவுதான் வளர்ந்திருந்தன. 2010இல் வெளியான ஆய்வு இது.

ஒரு தெருவில் வரிசையாக வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் லாரி எல்லா வாசலையும் கடந்துதான் போகிறது; அதுதான் அமினோ அமிலம் சுமக்கும் ரத்தம். மேஸ்திரி வேலையைத் தொடங்கிய வீடுதான் கல்லை இறக்கும். எடையின் இழுவிசையைத் தசை நார் உணர்ந்ததும் உள்ளே ‘எம்டார்’ என்ற புரதம் விழிக்கிறது, அவர்தான் மேஸ்திரி. அவர் குரல் கொடுத்ததும் ரைபோசோம்கள் என்னும் கொத்தனார்கள் கட்டத் தொடங்குகிறார்கள். லாரியில் வரும் லூசின் என்ற கல்லுக்கு மட்டும் ஒரு விசேஷம்: அதைக் கண்டால் மேஸ்திரியின் குரல் இன்னும் ஓங்கும். வேலை ஒன்றிரண்டு நாள் நடக்கும், பிறகு ஓயும். வேலை நடக்காத வீட்டு வாசலில் எத்தனை லோடு கொட்டினாலும் சுவர் எழும்பாது. டப்பா பவுடரின் கதையும் அதுதான்.

ஆகவே வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் வேலை. இதையும் மந்திரமாக்க வேண்டாம். வாரத்தின் மொத்தப் பயிற்சி சமமாக இருந்தால், பிரித்துச் செய்பவரும் ஏறக்குறைய அவ்வளவே வளர்கிறார். ஆனால் முழு உடம்புப் பயிற்சியில் ஒரு நாள் தவறினாலும் எந்தத் தசையும் வாரம் முழுக்கப் பட்டினி கிடக்காது.

இந்த ஊருக்கு முழு உடம்புப் பயிற்சி புதிதுமல்ல. கே.வி. ஐயர் பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக்கூடம் நடத்தி, 1930இல் ‘மசில் கல்ட்’ என்ற நூலை எழுதினார். பளுவையும் சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்தே கற்பித்தார். வரலாறு இவ்வளவு போதும்.

நம் தண்டாலும் பஸ்கியும் அருமையான பயிற்சிகள். ஒன்று தள்ளும் வேலை, மற்றது காலுக்கு. இழுக்கும் வேலை இரண்டிலும் இல்லை, முதுகு பின்தங்கிவிடும். பாரில் தொங்கி ஏறுவதையோ, குனிந்து எடையை வயிற்றை நோக்கி இழுப்பதையோ கட்டாயம் சேர்க்க வேண்டும். எடை மெல்ல மெல்ல ஏற வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். தசை வளர்ப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். 60 கிலோ இளைஞருக்கு 96 கிராம். மூன்று முட்டையில் 18, 50 கிராம் சோயா உருண்டையில் 26, 75 கிராம் துவரம்பருப்பில் 16, அரை லிட்டர் பாலில் 16, அரிசியும் ராகியுமாக 300 கிராமில் இருபதுக்கு மேல். கணக்கு முடிந்தது. பவுடர் கெடுதல் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்த புரதம், அவ்வளவே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

உங்கள் மகனிடம் அந்த அட்டவணையை மாற்றச் சொல்லுங்கள், ஐயா. டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டுக்கே முட்டையும் பருப்பும் வாங்கலாம்.