காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு!
வீட்டில் செய்த படைக்கு விலை போடுவது எப்படி?

மேஜை மேல் ஒரு போர்க்களம். அட்டையில் செய்த கோட்டை. பஞ்சில் செய்த புகை. ஓர் அங்குல உயரமே உள்ள சிப்பாய்கள் அணி அணியாக நிற்கிறார்கள்.

மேஜையின் இரு பக்கமும் இரண்டு பேர். ஒருவர் கையில் அளவு நாடா. இன்னொருவர் கையில் பகடை.

சண்டை தொடங்கப் போகிறது!

இது சிறுவர்களின் பொம்மை விளையாட்டு என்று நினைத்து விடாதீர்கள். தலை நரைத்த பெரியவர்களும் இதை ஆடுகிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே கழகங்கள் இருக்கின்றன. போட்டிகள் நடக்கின்றன.

அரசர் பார்த்த ஆட்டம்

இந்த ஆட்டத்துக்கு வயது அதிகம். இதன் மூதாதை நமது சதுரங்கம்தான். இந்தியாவில் பிறந்த சதுரங்கம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் அதை மாற்றி அமைத்து, போர் ஆட்டம் ஒன்றை உண்டாக்கினார்.

பிறகு பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் வேறொரு போர் ஆட்டத்தை உருவாக்கினார். 1812-ல் அதை அரசருக்கே காட்டினார். ராணுவ அதிகாரியான அவருடைய மகன் அதைத் திருத்தி, 1824-ல் விதிகளை அச்சிட்டார். பிரஷ்ய ராணுவம் அதைக் கொண்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்தது.

அறிவியல் கதைகள் எழுதிப் புகழ் பெற்ற எச்.ஜி. வெல்ஸ், 1913-ல் "லிட்டில் வார்ஸ்" என்ற விதிப் புத்தகத்தை வெளியிட்டார். பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டிலேயே ஆடும் போர் அது. உண்மைப் போரை விட இது எவ்வளவோ மேல் என்றார் அவர். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது!

இன்று உலகம் எங்கும் பெயர் பெற்ற ஆட்டம் "வார்ஹாமர்". 1983-ல் வெளிவந்தது. இதை நடத்தும் "கேம்ஸ் ஒர்க் ஷாப்" கம்பெனியின் தலைமை நிலையம் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் இருக்கிறது.

சிப்பாய்க்கு விலை

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு விலை உண்டு. ரூபாயில் அல்ல, புள்ளியில். பலசாலிக்குப் புள்ளி அதிகம். பலம் குறைந்தவனுக்குக் குறைவு.

ஆளுக்கு 2,000 புள்ளி என்று பேசிக்கொண்டால், அதற்குள் அவரவர் படையைத் திரட்ட வேண்டும். ஒருவர் நூறு சாதாரணச் சிப்பாய்களைக் கொண்டுவரலாம். இன்னொருவர் முப்பது மாவீரர்களைக் கொண்டுவரலாம். விலை சரியாக இருந்தால் போட்டியும் சரியாக இருக்கும்.

விலை தவறினால்? ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்!

சிக்கல் இங்கேதான் வருகிறது. ரசிகர்கள் சும்மா இருப்பது இல்லை. கம்பெனி வெளியிடாத புதுப் படைகளைத் தாங்களே செய்கிறார்கள். ஒரு பொம்மையின் தலையை வெட்டி இன்னொரு பொம்மையின் உடலில் ஒட்டுகிறார்கள். வர்ணம் தீட்டுகிறார்கள். படைக்கு ஒரு கதையும் எழுதுகிறார்கள். கடைசியில் விதியும் விலையும் அவர்களே போடுகிறார்கள்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? தான் பெற்ற படைக்குப் பலத்தை அள்ளிக் கொடுப்பார்கள். விலையை மட்டும் குறைத்துப் போடுவார்கள்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் இளைஞர் மூன்று மாதம் பாடுபட்டு ஒரு படை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். 9 வீரர்கள். தலைக்கு 12 புள்ளி. மொத்தம் 108.

நண்பர் அதை எப்படி எடை போட வேண்டும்? முதலில் ஒரு சாதாரணப் படையைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதில் 12 சிப்பாய்கள். தலைக்கு 10 புள்ளி. மொத்தம் 120.

சாதாரணச் சிப்பாய் ஒருவனுக்கு ஒரு பகடை. ஆக 12 பகடை. 4, 5, 6 விழுந்தால் அடி பட்டதாகக் கணக்கு. பகடையின் ஆறு முகங்களில் மூன்று சாதகம். எனவே சராசரியாக 6 அடி விழும். அந்த அடி காயம் ஆக்குமா என்று மறுபடி உருட்ட வேண்டும். அதிலும் பாதி போகும். மிச்சம் 3 காயம். எதிரியின் கவசம் மூன்றில் ஒன்றைத் தடுக்கும். செத்தவர்கள் 2 பேர்.

இனி புதுப் படையைப் பாருங்கள். ஆளுக்கு 2 பகடை. மொத்தம் 18. இவர்களுக்கு 3 விழுந்தாலே போதும். எனவே 12 அடி. அதில் பாதி, 6 காயம். கவசம் தடுப்பது 2. செத்தவர்கள் 4 பேர்!

120 புள்ளிப் படை 2 பேரைக் கொல்கிறது. 108 புள்ளிப் படை 4 பேரைக் கொல்கிறது. குட்டு வெளிப்பட்டுவிட்டது!

தாக்குதலை மட்டும் பார்த்தால் அந்த வீரனுக்குத் தலைக்குச் சுமார் 27 புள்ளி போட வேண்டும். ஆனால் அதுவும் நியாயம் இல்லை. அவன் அடிப்பதில் கெட்டிக்காரன். அடி வாங்குவதில் சாதாரணச் சிப்பாய்தான். ஆளும் குறைவு. எதிரி முந்திக்கொண்டால் படை சீக்கிரமே கரைந்துவிடும். எனவே சரியான விலை 12-க்கும் 27-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த இடத்தைக் காகிதம் காட்டாது. மேஜைதான் காட்டும்.

இடம் மாறி உட்காருங்கள்

கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு.

படை எவ்வளவு வேகமாக நகர்கிறது? எவ்வளவு தூரம் சுடுகிறது? இவற்றுக்கும் விலை உண்டு.

யாரோடு சேர்கிறது? தனியே நின்றால் சாதுவாக இருக்கும் படை, ஒரு தளபதியின் பக்கத்தில் நின்றால் புலியாக மாறலாம். ரசிகர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான்.

எதிரிக்குப் பதில் சொல்ல வழி இருக்கிறதா? எதனாலும் வீழ்த்த முடியாத படை யாருக்கும் இன்பம் தராது.

இதற்கெல்லாம் நல்ல சோதனை ஒன்று உண்டு. படையைச் செய்தவர் அதை நண்பரிடம் கொடுத்துவிட வேண்டும். தாம் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து ஆட வேண்டும். ஒரு முறை போதாது. பகடை ஒரு நாள் சிரிக்கும், ஒரு நாள் அழும். பல முறை ஆட வேண்டும்.

தான் செய்த படையிடம் தானே உதை வாங்கும்போதுதான் உண்மை புரியும்!

விலை இல்லாத ஆட்டம்

"எதற்கு இந்தப் புள்ளித் தொல்லை?" என்று கேட்கலாம். 2015-ல் அதுவும் நடந்தது. அந்த ஆண்டு "ஏஜ் ஆப் சிக்மார்" என்ற புது ஆட்டத்தைக் கேம்ஸ் ஒர்க் ஷாப் கொண்டுவந்தது. விதிகள் நான்கே பக்கம். புள்ளி விலை கிடையாது. விரும்பிய படையைக் கொண்டுவரலாம் என்றது.

ஆட வந்தவர்கள் திண்டாடினார்கள். எது சமமான படை என்று யாருக்கும் விளங்கவில்லை. ரசிகர்கள் தாங்களே கூடி விலைப் பட்டியல்கள் தயாரித்தார்கள். 2016-ல் கம்பெனியும் புள்ளிகளோடு ஒரு புத்தகம் வெளியிட்டது.

பொதுவாகப் பெரிய போட்டிகளில் வீட்டில் செய்த விதிகளுக்கு இடம் இல்லை. நண்பர்களுக்குள் ஆடும்போது மட்டும், எதிரில் இருப்பவர் சம்மதித்தால் ஆடலாம்.

ஆகவே எடை போடுகிறவரின் வேலை எளிது அல்ல. "பிரமாதம்" என்று சொல்லி விட்டுவிட்டால் ஆட்டம் கெடும். "குப்பை" என்று சொன்னால் மூன்று மாத உழைப்பும் நட்பும் கெடும். முதலில் வர்ணத்தைப் பாராட்ட வேண்டும். பிறகு கணக்கை எடுத்து வைக்க வேண்டும்.

"உன் வீரர்கள் அழகாக இருக்கிறார்கள். விலையைக் கொஞ்சம் ஏற்று. அடுத்த ஞாயிறு மறுபடி ஆடலாம்" என்று சொல்பவர்தான் நல்ல நண்பர்.

அப்படிச் சொன்னால் அந்த இளைஞர் மறு ஞாயிறும் தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்!